கல்லில் போட வேண்டிய வரி

கல்லில் பொறிக்கப்போகும் வரியை நிலைய அதிகாரி இரண்டு முறை உரக்கப் படித்துப் பார்த்தார். பிறகு தாளை மடித்து ஏணியிடம் நீட்டினார்.

"அவங்க வீட்ல காட்டி ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடு. நாளைக்குக் காலையில திறப்பு. சாயந்திரத்துக்குள்ள வெட்டி முடிக்கணும்னு கல்லு வெட்டறவர் குதிக்கிறார்."

"வேற யாரையாவது அனுப்புங்களேன் சார்."

"வேற யாரை? அவரும் நீயும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. நீ போகாம?"

அந்தத் தீயணைப்பு நிலையத்தில் அவனை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடிக்கு மேலும் நாலு விரல்கடை உயரம். இறந்துபோனவருக்கு ஸ்பீக்கர் என்று பெயர். அவர் தன் குழந்தையைத் தாலாட்டினால் எதிர்வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும் என்பார்கள். முகமூடி போட்டுக்கொண்டு பேசினாலும் அவர் குரல் தெருமுனையைத் தாண்டும்.

நகர மன்றம் நிலைய வாசலில் நிறுத்தப்போகும் கல்லில் நாலு பேர். இரண்டு தீயணைப்பு வீரர்கள், வெள்ளத்தில் வண்டியோடு அடித்துச் செல்லப்பட்ட ஆம்புலன்ஸ் ஓட்டுநர், கடைசியாக ஸ்பீக்கர். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் அவர் எப்படி இறந்தார் என்று ஒரு வரி. ஸ்பீக்கருக்கு எழுதியிருந்தது இது: 'தீயில் சிக்கிய பொதுமக்களைத் தேடி மீண்டும் உள்ளே சென்று உயிர் நீத்தார்.'

அந்த வரியில் ஒரு சொல் பொய். அந்த இடத்தில் எந்தச் சொல் வர வேண்டும் என்று உலகத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும். அவனிடமே தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஸ்பீக்கரின் மனைவி ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். மூன்றாவது மாடி வீடு. சாப்பாட்டு மேசை முழுக்க அச்சுத்தாள்கள் விரிந்திருந்தன. ஸ்பீக்கரின் அண்ணன் ஜன்னலோரம் நாற்காலி போட்டுச் செய்தித்தாளை விரித்திருந்தார். தம்பி போனதிலிருந்து மாதத்துக்கு ஒரு முறை வந்து போவது அவர் வழக்கம்.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றாள் அவள். தாளை வாங்கிப் படித்தாள். கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தது. 'பொதுமக்களை' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"இது வேண்டாம்."

"அண்ணி, அது சும்மா ஒரு மரியாதைக்கு..."

"பொய்யில என்ன தம்பி மரியாதை? அந்த எரிஞ்ச கட்டடத்துல கீழ மெத்தைக் கடை, மேல ஆறு குடித்தனம். அந்த ஆறு வீட்டுக்காரங்களையும் நானே போய்ப் பார்த்துட்டேன். அவர் ரெண்டாவது தடவ உள்ள போறதுக்கு முன்னாடியே எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. ஒருத்தரும் உள்ள இல்ல. அப்புறம் யாரைத் தேடிப் போனாராம்?"

ஜன்னலோரத்திலிருந்து அண்ணன் செய்தித்தாளை இறக்கினார். "அதைத்தான் நான் ஒரு வருஷமா கேக்கறேன். காலிக் கட்டடத்துக்குள்ள யாராவது ரெண்டாவது தடவ போவானா? அவனுக்குத் தொண்டையை வச்ச கடவுள் மூளையை வைக்க மறந்துட்டான்."

"மெதுவாப் பேசுங்க. பொண்ணு உள்ள படிக்கிறா."

"அவளுக்குத் தெரியாததா என்ன? பள்ளிக்கூடத்துல போய், எங்கப்பா சும்மா செத்துப் போனார்னு அவளே சொல்லியிருக்கா."

அவள் ஏணியைப் பார்த்தே பேசினாள். "நாளைக்கு அவ வர மாட்டேங்கறா. அவ வராம நான் மட்டும் வந்து கல்லைப் பார்த்து என்ன செய்ய? 'தீ விபத்தில் இறந்தார்'னு மட்டும் போடச் சொல்லுங்க. போதும்."

அந்த மூன்று சொல்லைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். தாளை வாங்கிக்கொண்டு அவன் படியிறங்கினான். வந்த வேலை முடிந்தது. அவள் எழுதியதில் பொய்யும் இல்லை. இதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. இரண்டாவது மாடி வரை இப்படியே சொல்லிக்கொண்டு வந்தவன், அங்கே கைப்பிடியைப் பிடித்து நின்றான். அதே படிகளில் நாளைக்கு அந்தப் பெண் இறங்கி வராமல் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பாள். சும்மா செத்துப் போனவரின் மகளாக.

திரும்பி ஏறினான். கதவு இன்னும் சாத்தப்படவில்லை. உள்ளே போனவன் உட்காரவில்லை.

"அண்ணி, அவர் என்னைத் தேடித்தான் போனார்."

அண்ணன் செய்தித்தாளை மடித்தார்.

ஏணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். எரியும் கட்டடத்துக்குள் போகிற ஒவ்வொருவரும் தன் பெயர் வில்லையைக் கழற்றி, தண்ணீர் பம்ப் வண்டியின் ஓட்டுநரிடம் இருக்கும் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். வில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். அன்றைக்கு இரண்டாவது மாடியில் கூரைப்பலகை ஒன்று அவன் முன்னால் விழுந்தது. மூச்சுவிட முதுகில் மாட்டிய உருளையில் பாதிக்கு மேல் காற்று இருந்தது, அடிபடவும் இல்லை. பயந்துவிட்டான். பின்பக்கப் படி வழியாக இறங்கி, சுவரோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். முன்பக்கம் போய் வில்லையை எடுத்திருக்க வேண்டும். கால் நடுங்குவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஏணி வில்லை இன்னும் தொங்குதேன்னு பம்ப் ஓட்டுநர் சொல்லியிருக்கார். அதைக் கேட்டதுமே நம்ம ஸ்பீக்கர் உள்ள போயிட்டார்."

"நீங்க வெளிய இருக்கீங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள், யாருக்கோ சமாதானம் சொல்வது போல. "உங்களுக்கும் அவர் உள்ள போனது தெரிஞ்சிருக்காது."

அவள் பேச்சில் திறந்துவிட்ட அந்த வாசல் வழியாக அவன் தப்பித்துப் போயிருக்கலாம்.

"தெரியும் அண்ணி. கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"அவர் குரல். என்னைக் கூப்பிட்டார்."

அவள் பேனாவை மூடினாள். "எத்தனை தடவ?"

"மூணு தடவ."

"என்னன்னு?"

"'ஏணி, எங்கடா இருக்கே'ன்னு. 'வெளிய இருக்கேன்'னு ஒரு வார்த்தை கத்தியிருந்தா அவருக்குக் கேட்டிருக்கும். பின்னாடி என்னடா பண்ணேன்னு எல்லாரும் கேப்பாங்களேன்னு... முகத்தைக் கழுவிட்டு முன்பக்கமா போய்ச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள தளம் இடிஞ்சு இறங்கிடுச்சு."

உள்ளறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது. "காலிக் கட்டடம்னு நானும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

அவள் தாளைக் கேட்டு வாங்கினாள். சற்று முன் எழுதியதை அடித்தாள். வட்டமிட்ட சொல்லையும் அடித்து, அதன் மேலே குண்டு குண்டாக 'சக வீரரை' என்று எழுதினாள். 'தீயில் சிக்கிய' என்பதையும் அடித்தாள். பிழை திருத்துகிறவர்களுக்கே உரிய நிதானத்தோடு ஒரு முறை படித்துப் பார்த்தாள்.

"நீங்களே கொண்டு போய்க் குடுங்க. ஏன் மாத்தினாங்கன்னு கேட்டா நீங்களே சொல்லுங்க. என் வாயால இதை நான் சொல்ல மாட்டேன்."

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"இப்ப அதைக் கேக்காதீங்க தம்பி" என்றாள். "போங்க. அவர் காத்திருப்பார், கல்லு வெட்டறவர்."

நிலையத்தில் அதிகாரியோடு பம்ப் ஓட்டுநரும் இருந்தார். பணி ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிற மனிதர். தீக்கு மறுநாள் விசாரணையில் ஏணியின் வில்லை அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. குழப்பத்தோடு குழப்பமாக யாரும் பார்க்காமல் அவன் எடுத்து வைத்துக்கொண்டது அது. ஓட்டுநர் தப்பாகப் பார்த்திருப்பார், ஸ்பீக்கர் பொதுமக்கள் யாரையோ தேடித்தான் போயிருப்பார் என்று அறிக்கை முடிந்தது. அதை நம்பி அவர் கண்ணைச் சோதித்துக் கண்ணாடியும் போட்டுக்கொண்டார்.

ஏணி எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். இல்லை.

ஓட்டுநர்தான் முதலில் பேசினார். "அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா?"

"ஆமாண்ணே."

"ஒரு வருஷமா என் பக்கத்து சீட்டுல உக்காந்து வந்தியேடா. கண்ணாடிக்காரர்னு என்னை நீயும்தானே கிண்டல் பண்ணே." கத்தியிருந்தால் ஏணி தாங்கியிருப்பான். அவர் வெகு மெதுவாகக் கேட்டார்.

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "விசாரணையைத் திரும்பத் திறக்கணும். நான் மேல எழுதித்தான் ஆகணும். வேலை என்னாகும்னு என்னைக் கேக்காதே." தாளை அவனிடமே திருப்பிக் கொடுத்து, "கல்லு வாசல்ல இருக்கு. போய்ச் சொல்லு" என்றார்.

வாசலில் வெயில் சாய்ந்திருந்தது. சாய்த்துவைத்த கல்லின் முன் கல் வெட்டுகிறவர் குந்தி உட்கார்ந்து, மற்ற மூவரின் வரிகளிலிருந்து தூசியை ஊதிக்கொண்டிருந்தார். நாளைக்கு வரப்போகிறவர்களுக்காக வீரர்கள் நாலைந்து பேர் நாற்காலிகளை வரிசை போட்டபடி தங்களுக்குள் எதையோ சொல்லிச் சிரித்தார்கள்.

கல் வெட்டுகிறவர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மாத்திட்டாங்களா? நல்லவேளை, இன்னும் உளியை வைக்கல." எழுத்துக்களை விரலால் எண்ணினார். நெற்றியைச் சுருக்கினார். "இதுல 'சக வீரரை'ன்னு இருக்கு. 'வீரர்களை'ன்னு இருக்கணுமோ? ஒருத்தரா, பல பேரா? நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. வெட்டினப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

நாற்காலி போடுகிறவர்களின் சிரிப்பு நின்றிருந்தது. ஓட்டுநர் கதவருகில் வந்து நின்றார்.

"ஒருத்தர்தான்" என்றான் ஏணி.

"உறுதியாத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் அது."

அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு உயரத்தையும் பார்த்து முடிக்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு உளியை எடுத்துக் கல்லின் மேல் வைத்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி. உங்க நிழல் விழுது."