மாப்பிள்ளை கட்டிய மிதவை வண்டி

வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவனுக்கு அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவனுடைய பெரிய குறை. காலையில் மாமனார் வீட்டுச் சாப்பாடு, பகலெல்லாம் மாமனார் பட்டறையில் வேலை, சாயங்காலம் மாமனாரோடு ஒரே ஸ்கூட்டரில் வீடு. தும்மினால்கூட அடுத்த அறையிலிருந்து "என்ன மாப்ள, சளியா?" என்று குரல் வரும். கோபித்துக்கொள்ளவும் வழியில்லை, மனுஷன் தங்கமானவர். தங்கமானவரிடம் மாட்டிக்கொண்டவன் யாரிடம் போய் அழுவது?

அவன் தப்பிக்க ஒரே வழி ஒரு வண்டி. வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கும் நிறுவனம் ஒன்று, சேற்றிலும் ஓடி நீரிலும் மிதக்கிற குட்டி வண்டி கேட்டிருந்தது. இரண்டு பேர் உட்கார வேண்டும், நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிட முடிய வேண்டும். சோதனை ஒரே ஒரு தடவைதான். வண்டி தேறினால் அவனுக்கு அவர்களிடமே வேலை, தங்க வீடு, வேறு ஊர்.

"மொதல்ல மிதக்கட்டும். அப்புறம் அப்பாகிட்ட நான் பேசறேன்," என்றாள் மனைவி.

மாமனார் ஆயுள் முழுக்க லாரிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டியவர். இரும்பு கனமாக இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். மாப்பிள்ளையோ எடையைக் குறைக்க உயிரை விட்டான். சட்டத்துக்கு மெல்லிய குழாய், உடம்புக்குப் பிளாஸ்டிக், பலூன் மாதிரி ஆறு டயர், இருக்கைக்கு அடியில் சந்து பொந்தெல்லாம் தெர்மாகோல். போல்ட்டைக்கூட எடை போட்டுத்தான் பூட்டினான்.

"என்ன மாப்ள, சோப்பு டப்பா கணக்கா இருக்கு?" என்று மாமனார் விரலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

பூட்டி முடித்த வண்டியை மட்டும் அவன் எடை போடவில்லை. தன் கணக்கில் தப்பு வராது என்கிற திமிர்தான், வேறென்ன?

சோதனை நாளன்று, நிறுவனம் அனுப்பிய பரிசோதகரோடு குளக்கரையில் கூடினார்கள். மகளைத் தண்ணீரில் இறக்க மாட்டேன் என்று மாமனாரே பக்கத்தில் ஏறிக்கொண்டார். வண்டி கரைச் சேற்றைக் கடந்து நீரில் இறங்கி மிதந்தது. கரையில் மனைவி கைதட்டினாள். அவனுக்கு நெஞ்சு விம்மியது. மனதுக்குள் மூட்டை முடிச்செல்லாம் கட்டிவிட்டான்.

நடுக்குளத்தில் திருப்பும்போது பின்பக்கம் தாழ்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. அவன் பதறவில்லை. முழுக்க நிறைந்தாலும் தெர்மாகோல் தாங்கும். ஆனால் வண்டி இறங்கிக்கொண்டே போய்ச் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தது. இருவருக்கும் நெஞ்சளவு தண்ணீர்.

"மாமா, வண்டில எதையாவது தொட்டீங்களா?"

"பெருசா ஒண்ணுமில்ல மாப்ள. நீங்க ஒக்கார்ற எடத்துக்குக் கீழ நாலு இரும்பு ஆங்கிள் வச்சு வெல்டிங் பண்ணேன். கல்லு கில்லு குத்திடக் கூடாதுல்ல?"

"அங்க தெர்மாகோல் இருந்துச்சே?"

"வெல்டிங் பொறி பட்டா அது தீப்பிடிக்கும்ல? எடுத்துப் போட்டுட்டேன்."

பரிசோதகர் கரையிலிருந்து உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். "கயிறு வருது, அசையாம இருங்க!" என்று கத்திவிட்டுத் தன் காரைப் பார்த்து நடந்தார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவனுக்கு நீந்தத் தெரியும். குதித்து எதிர்க்கரைக்குப் போய் அப்படியே ஊரை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. மாமனாருக்கு நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டை போட்டிருந்தும் அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். உதறப் பார்த்தான், மனம் வரவில்லை. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கடைசியில் அழுகைதான் ஜெயித்தது.

மாமனார் பதறிப்போனார். ஒரு கையை எடுத்து அவன் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"அட, இதுக்குப் போயா அழறீங்க மாப்ள? இன்னொண்ணு கட்டிட்டாப் போச்சு. நிதானமாக் கட்டுவோம், அவசரம் என்ன? நீங்க எங்க போகப் போறீங்க?"