அவர் ஏற்றிய வேகம்

என் கணவர் கம்ப்யூட்டரைக் கடையில் வாங்கவில்லை. உதிரி உதிரியாக வரவழைத்து, சாப்பாட்டு மேஜையை இரண்டு நாள் பறிமுதல் செய்து, தன் கையாலேயே பூட்டினார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அலுவலக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் படம் போயிற்று. பாராட்டும் வந்து குவிந்தது.

அந்தப் பொன் குஞ்சை நம்பித்தான் நான் வேலையில் சேர்ந்தேன். மருத்துவர்கள் பேசி அனுப்பும் அறிக்கைகளை வீட்டிலிருந்தே கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, எனக்கென்று ஒரு வேலை. மூன்று மாதம் சோதனைக் காலம். கையில் எடுத்த அறிக்கை நடுவில் அறுந்தால் வேறொருவருக்குப் போய்விடும். மூன்று முறை அறுந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள்.

முதல் வாரமே அறுந்தது. யாருடைய இதயத்தையோ பற்றி மருத்துவர் பேசிக்கொண்டிருக்கையில் திரை கறுத்துவிட்டது.

“நீ எதையாவது அழுத்தியிருப்ப,” என்றார் கணவர்.

“நான் ஒண்ணும் அழுத்தலைங்க. தானா அணைஞ்சு தானா வந்துச்சு.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் பிளக்கை மாற்றிப் பார்த்தேன். விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். மூடியைக் கழற்றி விசிறி சுற்றுகிறதா என்று பார்த்தேன். அணைகிற நேரத்தையெல்லாம் நோட்டில் எழுதினேன். வேலை செய்யும்போதும் அணைந்தது, சும்மா இருக்கும்போதும் அணைந்தது. இரண்டாவது அறிக்கையும் போன பிறகு, தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரரை வீட்டுக்கே அழைத்து வந்தேன்.

அவர் செட்டிங்கைத் திறந்ததும் சிரித்துவிட்டார்.

“ரேம், அதான் மெமரி, அதோட வேகத்தை யாரு அக்கா இவ்வளவு ஏத்தினது? கம்பெனிக்காரன் சொன்னதைவிட ரொம்ப அதிகம். தாங்காம எப்ப வேணா அணைஞ்சுடும்.”

இரண்டு நிமிடத்தில் இறக்கிவிட்டு, எப்படி இறக்குவதென்று எனக்கும் காட்டிக் கொடுத்தார். அன்று மாலையே கணவரிடம் விவரம் சொன்னேன். “உம்” என்றார்.

பதினெட்டு நாள் ஒரு தரம்கூட அணையவில்லை. நானும் மளமளவென்று தட்டினேன். மேற்பார்வை பார்க்கும் அம்மாள், ‘நன்றாகச் செய்கிறீர்கள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பத்தொன்பதாம் நாள் காலையில் ஓர் அறிக்கையின் நடுவில் திரை கறுத்தது. அறுந்தது அது மூன்றாவது முறை. பெட்டி மறுபடி எழுந்ததும் செட்டிங்கைத் திறந்தேன். வேகம் பழையபடி ஏறியிருந்தது.

“ஆமா, நேத்து நான்தான் ஏத்தினேன்,” என்றார் மாலையில், சட்டையைக் கழற்றிக்கொண்டே. “ஆபீஸ்ல ஒருத்தன் வேகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். குறைஞ்ச நம்பரை அனுப்பினா சிரிக்க மாட்டானா?”

“எடுத்துட்டு இறக்கியிருக்கலாமே?”

“மறந்துட்டேன்.”

“என் வேலை போயிடுச்சுங்க.”

“போனா போகுது விடு. உனக்கு இதெல்லாம் ராசியில்ல. ஒருத்தர் சம்பாத்தியம் போதாதா நமக்கு?”

அவர் முகத்தில் கொஞ்சமாவது வருத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன். நிம்மதி இருந்தது. வேலை போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

மறுநாள் நானே வேகத்தை இறக்கினேன். இப்போது பெட்டி நாள் முழுக்க நிற்காமல் ஓடுகிறது. எனக்குத்தான் அதில் ஒரு வேலையும் இல்லை.