பச்சைப் பட்டையில் குருவி

"தொடாதே! கையை எடு!"

குருவி ஓடி வந்த வேகத்தில் கண்ணாடிக் கதவு சுவரில் மோதித் திரும்பி வந்து அவள் முதுகிலேயே அறைந்தது. அதை அவள் பொருட்படுத்தவில்லை. நெட்டையின் ஆள்காட்டி விரல் சர்வரின் பவர் பட்டனைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

"எதுக்குக் கத்தற? மேலாளர்தான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னாரு."

"ஏனாம்?"

"எனக்கென்ன தெரியும்? சொன்னாரு, வந்தேன். ஏணி மாதிரி வளர்ந்து தொலைச்சிட்டேன். மேல்தட்டு மெஷினெல்லாம் என் தலையிலதான் கட்டறாங்க."

"இது அணைஞ்சா அந்த விண்டோவும் போயிடும். அது போச்சுன்னா என் வேலையும் போச்சு. தெரியும்ல உனக்கு?"

நெட்டை விரலை மடக்கிக்கொண்டான். தெரியும் என்றுதான் அவன் முகம் சொன்னது. அவள் நாற்காலி காலியானால் அதில் உட்காரப் போகிறவன் அவன்தான் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும்.

குருவி என்பது அலுவலகம் வைத்த பட்டப்பெயர். ஓரிடத்தில் உட்கார மாட்டாள், ஓயாமல் பேசுவாள். மருத்துவமனைகளின் ஸ்கேன் படங்களைப் பாதுகாக்கும் அந்தக் கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நேற்று ஒரு மருத்துவமனையின் படங்கள் மொத்தமாக வெளியே நகலாகிப் போயிருந்தன. படங்கள் இருந்த கிடங்கு மெஷினில் யார் நுழைந்தார்கள் என்ற பதிவை யாரோ சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள்.

மிஞ்சியது, நெட்டை அணைக்கப் போன சர்வரில் ஓடும் கறுப்புத் திரை; டீம் மொத்தமும் பொதுவாகப் பயன்படுத்துவது, அலுவலகத்தின் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் திறக்கலாம். அந்த ஒரே திரைக்குள் எத்தனை விண்டோ வேண்டுமானாலும் திறந்துகொள்ளலாம். எவையெல்லாம் திறந்திருக்கின்றன என்று அடியில் ஒரு பச்சைப் பட்டை வரிசையாகக் காட்டும். அதில் ஒரு விண்டோவில் மற்றதெல்லாம் அழிக்கப்பட்டு, 'நகல் முடிந்தது' என்ற ஒரு வரி மட்டும் நின்றது. பட்டையில் அந்த விண்டோவின் பெயர்: குருவி.

"திருடுறவ தன் பேரை ஒட்டி வச்சிட்டா போவா?" என்று காலையில் அவள் கேட்டதற்கு, "அவசரத்துல மறந்திருப்ப" என்றார் மேலாளர். மதியத்துக்குள் ராஜினாமா கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ்.

நெட்டையை மெஷினோடு தனியே விட அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே மேலாளர் அறைக்கு நடந்தாள்.

நடைபாதையில் அவள் கணவன் காத்திருந்தான். அவனுக்கு மூன்றாம் மாடியில் நெட்வொர்க் டீமில் வேலை. விஷயம் கேள்விப்பட்டு இறங்கி வந்திருந்தான்.

"எழுதிக் குடுத்துட்டு வந்துடும்மா. போலீஸ் வரைக்கும் இழுக்கணுமா? எனக்கு வெளியூர் வேலை தயாரா இருக்கு. நீதான் வர மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்ச."

"பண்ணாத தப்புக்கு நான் எதுக்குங்க எழுதிக் குடுக்கணும்?"

"உன் நல்லதுக்குச் சொல்றேன். இங்க யாரையும் நம்பாத." அவன் பார்வை நெட்டையின் மேல் ஒரு கணம் தங்கிவிட்டுத் திரும்பியது.

நம்பவில்லைதான். நெட்டையின் சட்டைக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மேலாளர் அறையில் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர் அல்ல. கம்பெனியின் கையேடுகளை எழுதுகிறவள். மூக்குக் கண்ணாடிக்கும் அதட்டலுக்கும் கிடைத்த பட்டம்.

"மெஷின் ஏன் இன்னும் ஓடுது?" என்றார் மேலாளர்.

"அணைக்கச் சொல்லி உங்களுக்கு யார் சார் சொன்னாங்க?"

"அது உனக்கெதுக்கு? நம்ம கையேட்டிலேயே தெளிவா இருக்கு. டீச்சர், படிங்க."

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "விண்டோவின் பெயர், அதாவது தலைப்பு, அதன் உள்ளே யார் இருக்கிறார் என்பதைக் காட்டும்."

"அந்த வரியே தப்பு சார். பெயர் வேற, தலைப்பு வேற. போன வாரமே திருத்தம் எழுதி டீச்சர்கிட்ட குடுத்தேன்."

"போன வாரமேவா?" மேலாளரின் புருவம் ஏறியது. "தப்பிக்க வழியைத் தயார் பண்ணிட்டுத்தான் வேலையை ஆரம்பிச்சிருக்க."

குருவி டீச்சரைப் பார்த்தாள். அவள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக அந்தத் திருத்தத்தை ஏன் அமுக்கி வைத்திருந்தாள்? யாருக்காக?

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா," என்றாள் டீச்சர். "படிக்கிறவங்களை எதுக்குக் குழப்பணும்?"

"ஒண்ணா இல்லையான்னு இப்பவே பாத்துடலாம். நான் கீபோர்டைத் தொட மாட்டேன். நெட்டை, நீ சாரோட கம்ப்யூட்டர்ல உட்காரு. பொதுத் திரையில புதுசா ஒரு விண்டோ திற. 'மேலாளர்'னு பேர் வை."

நெட்டை தயங்கினான். மேலாளர் தலையசைத்ததும் தட்டினான். பச்சைப் பட்டையில் குருவிக்குப் பக்கத்திலேயே மேலாளரும் வந்து உட்கார்ந்தார்.

"இப்ப திருடன் நீங்கதான் சார்," என்றாள் குருவி.

"ஏய்!"

"பேர்னா அவ்வளவுதான் சார். இந்தத் திரைக்கு வர்ற யாரும், யார் பேரை வேணா வைக்கலாம். சும்மா விட்டா உள்ள ஓடுற கட்டளையோட பேர்தான் தானா வரும். 'குருவி'ன்னு வந்திருக்குன்னா யாரோ ஒருத்தர் உக்காந்து தட்டியிருக்காங்க. நெட்டை, இப்ப அதே விண்டோவிலிருந்து கிடங்கு மெஷினுக்குள்ள போ. உன் லாகின்லயே போ."

கிடங்குக்குப் பொது லாகின் கிடையாது. அவரவர் பணியாளர் எண்ணைப் போட்டால்தான் திறக்கும். நெட்டை உள்ளே போனான்.

"இப்ப இந்த விண்டோவோட தலைப்பு என்னன்னு தட்டிக் கேளு."

கேட்டான். நெட்டையின் எண்ணும் கிடங்கின் பெயரும் ஒரே வரியில் வந்து நின்றன. பட்டையில் இன்னமும் 'மேலாளர்' என்றே இருந்தது.

"தலைப்பை நாம தட்டல. உள்ள இருக்கிற மெஷின் தானா எழுதுது," என்றாள் குருவி. "இப்ப வெளிய வா. மறுபடி கேளு."

வெளியே வந்து கேட்டான். அதே எண்.

"போனப்புறமும் இருக்கே!" என்றார் மேலாளர்.

"வேற ஏதாவது வந்து மாத்தி எழுதுற வரைக்கும் அப்படியே நிக்கும் சார். மெஷினை அணைச்சாத்தான் போகும்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினாள். "நான் இதைச் செஞ்சு பாத்ததே இல்ல. எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினதை அப்படியே விட்டுட்டேன். உன் திருத்தத்தைப் போட்டா இத்தனை வருஷம் தப்பா இருந்ததுன்னு ஒத்துக்கணுமேன்னு..." பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, சொல்லிக்கொண்டே எழுதினாள். "பெயர், பயன்படுத்துகிறவர் வைப்பது. தலைப்பு, உள்ளே ஓடுவது தானே எழுதிக்கொள்வது. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. போதுமா?"

"போதும் டீச்சர்."

"அப்ப..." மேலாளர் நாற்காலியை முன்னே இழுத்தார். "நம்ம பழைய வரியை நம்பி, பேரை மாத்தினா எல்லாம் மாறிடும்னு ஒருத்தன் நினைச்சிருக்கான்."

"ஆமா சார். பட்டையில இடம் பத்தலைன்னு தலைப்பைக் காட்டாம வச்சிருக்கோம். அதனால அவன் கண்ணுக்குப் படல. நாம கேட்டா சொல்லும்."

'குருவி' விண்டோவுக்கு நெட்டை மாறினான். அவள் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் எண்தான் வரப்போகிறது. வந்தால் இங்கேயே பளாரென்று ஒன்று வைக்க வேண்டும்.

தட்டினான். வரி வந்தது.

"என்னோடது இல்ல!" நெட்டை நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "அப்பாடா! நீ பாத்த பார்வையில நானே என்னைச் சந்தேகப்பட்டுட்டேன்."

டீச்சர் எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். அவளுடையதும் இல்லை.

மேலாளர் எண்ணை வாய்விட்டுப் படித்தார். "மூணு ரெண்டு ஒம்பது ஆறு. யாருய்யா இது? நம்ம டீமே இல்லையே. இருங்க, பர்சனல் செக்‌ஷனுக்குப் போன் போடறேன்."

குருவியின் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அந்த அலுவலகத்தில் அவள் பேசாமல் நின்றதை யாரும் பார்த்ததில்லை. மேலாளர் பாதி எண்களை அழுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"என்னம்மா? ஜெயிச்சிட்டியே. முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

"மெஷினை அணைக்கச் சொன்னது யாருன்னு நீங்க இன்னும் சொல்லல சார்."

மேலாளர் ரிசீவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மூணாம் மாடியிலேருந்து..." என்று இழுத்தபடி மெதுவாக ரிசீவரை வைத்தார்.

"போன் வேண்டாம் சார்," என்றாள் குருவி. "இன்னிக்குக் காலையில அந்த நம்பர் போட்ட அட்டையை நான்தான் அவர் கழுத்துல மாட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர்."