விருந்தாளிக்குத் தகுந்த குடல்

எங்கள் வீட்டு அண்டாவைப் பற்றித் துனீசியாவின் ஜெர்பா தீவில் பல பொய்கள் உலவுகின்றன. எல்லாம் நான் கிளப்பிவிட்டவைதான். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவனுக்கு வேறு என்ன வேலை? ஆனால் அதில் ஒரு கழுதை தவறி விழுந்து, கரை தெரியாமல் நீந்திக்கொண்டிருந்தது என்பது ஏறக்குறைய உண்மை.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் அண்டா நிறையக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. குழம்பில் மிதந்தவை ஒஸ்பான்கள். ஆட்டுக்குடலுக்குள் கறியும் கீரையும் அரிசியும் திணித்து, நூலால் தைத்து, பச்சைக்குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் என் மனைவி கஸாலா இறக்கிவிட்ட உருப்படிகள். அவள் ஒஸ்பான் வேகிற வாசனைக்கு வலையில் சிக்காத மீன்கள்கூட கரையேறி வந்து எங்கள் யூதக் குடியிருப்பான ஹாராவுக்கு வழி கேட்கும்.

மகனுக்குப் பெண் நிச்சயமாகி, சம்பந்தி வீட்டார் எங்கள் மேசையில் உட்காரப்போகிற முதல் ஓய்வுநாள் இரவு அது. பெண்ணின் தாய் தொய்த்தா பக்கத்து ஊர்க்காரி. கஸாலாவின் ஒஸ்பானைப் பற்றி அவள் கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பேதம் பார்க்காமல் ஒரே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நல்லாத்தான் தைக்கிறா. காலுக்குப் போட்டுக்கலாம்."

"இன்னிக்கு அவ வாயை ஒஸ்பானாலயே அடைக்கிறேன்," என்றாள் கஸாலா, கரண்டியைத் துடைத்தபடி. "அவ வாயால ஒரு நல்ல வார்த்தை வாங்கலைன்னா நான் சமைக்கிறதையே விட்டுடறேன்."

அப்போதுதான் கசாப்புக்கடை கல்ஃபூன் வந்து நின்றான். முகத்தில் ரத்தமில்லை. இருந்ததெல்லாம் அவன் முன்துணியில்தான்.

"அக்கா, பரிமாறிடாதீங்க."

காலையில் அறுத்த ஆடுகளில் ஒன்றின் நுரையீரலில் ஓட்டை. எங்கள் மதச் சட்டப்படி அது எங்களுக்கு ஆகாது. முஸ்லிம் கடைக்காரருக்குக் கொடுக்க அதை ஒதுக்கி, குடலைத் தனி ஆணியில் மாட்டிவைத்திருக்கிறான். கஸாலாவோ குடல் போதவில்லை, இன்னும் ஒரு சாண் வேண்டும் என்று சொல்லியனுப்பினாள். இந்தப் புண்ணியவான் யாருடனோ பேசிக்கொண்டே எட்டின ஆணியிலிருந்து வெட்டிக் கொடுத்துவிட்டான்.

"எந்த ஆணின்னு பார்க்க மாட்டியாடா?"

"கால்பந்து பேசிட்டிருந்தோம் அண்ணே."

ஒரு சாண் குடலுக்கு ஒரு ஒஸ்பான். அத்தனை ஒஸ்பானில் அது எது? பெற்ற தாய்க்கே தெரியவில்லை. கஸாலா குனிந்து குனிந்து பார்த்தாள். எல்லாம் ஒரே தையல், ஒரே பளபளப்பு.

எங்கள் மதகுரு ரபி ஷூஷானை அழைத்து வந்தோம். பாவம், அவருக்கு வயிற்றுப்புண். கஞ்சியைத் தவிர எதையும் அவர் விழுங்கி ஹாராவில் எவரும் பார்த்ததில்லை. அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணாடி ஆவியில் மறைந்தது.

"குழம்பு ஆகும்," என்றார். "அந்த ஒரு துண்டோட ருசி இந்தச் சமுத்திரத்துல இருந்த இடம் தெரியாது. சிக்கல் துண்டுலதான். சாதாரணத் துண்டுன்னா கூட்டத்துல மறைஞ்சு போயிடும். எல்லாத்தையும் தாராளமா சாப்பிடலாம். ஆனா விருந்தாளிக்கு முன்னால பெருமையா வைக்கிற துண்டுன்னா, ஆயிரத்துல கலந்தாலும் அது மறையாது. ஒண்ணைக்கூடத் தொட முடியாது. குடல்னா முகம் சுளிக்கிற ஊரும் இருக்கு. கஸாலா, நீ சொல்லு. இது விருந்தாளிக்கு வைக்கத் தகுந்ததா?"

நான் பின்னாலிருந்து அவள் முழங்கையை இடித்தேன். ஒரு வார்த்தை. 'இல்லை' என்று ஒரே வார்த்தை.

கஸாலாவின் உதடு அசைந்தது. "சுமார்தான் ரபி."

"சுமார்னா? பொய் சொல்லி ஆகும்னு வாங்கினா அது ஆகாததைவிட மோசம். தெரியுமில்ல?"

அவள் தலைகுனிந்தாள். "உன் பிள்ளை அசிங்கம்னு சொல்லுன்னு கேக்கறீங்களே ரபி. எப்படிச் சொல்லுவேன்?"

வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன். ரபி தாடியை இழுத்தார்.

"ஒரு துண்டு தானா கடல்ல விழுந்தாலோ, பூனை தூக்கிட்டுப் போனாலோ, போனது ஆகாததுன்னு வெச்சுக்கலாம். மிச்சம் ஆகும். ஆனா தானா நடந்தா நடந்தது. நீங்க நடத்தினா நடக்கலை."

எல்லோரும் மதில்மேல் பார்த்தோம். எங்கள் தெருப்பூனை அங்கேதான் இருந்தது. மூடியிருந்தாலும் திருடும், பூட்டியிருந்தாலும் திருடும், ஒருமுறை என் வாயிலிருந்தே மீனைப் பிடுங்கிய ராட்சசி. அன்றைக்குப் பார்த்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. கூப்பிடக் கூடாது, தள்ளக் கூடாது, கண்ணைக் காட்டக்கூடக் கூடாது. ரபி, கசாப்புக்காரன், நான், கஸாலா, நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பூனையின் திருவுளத்துக்குக் காத்திருந்தோம். அது கழுவிமுடித்து, கொட்டாவி விட்டு, தூங்கிப்போனது.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி வீட்டார் வாசலில். தொய்த்தா உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

எனக்கோ மனசு குளிர்ந்தது. "ரபி, சாட்சி வந்தாச்சு. இந்தம்மாவைக் கேளுங்க. இவங்க சொல்றதை ஊரே கேட்டிருக்கு."

வசை எங்கள் விருந்தைக் காப்பாற்றும் ஒரே நாள். சம்பந்தியம்மா, வாரி வழங்குங்கள் என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

"தொய்த்தா," என்றார் ரபி, "இந்த வீட்டு ஒஸ்பான் விருந்தாளிக்கு வைக்கத் தகுந்ததா? யோசிச்சுச் சொல்லு. உன் வார்த்தையை வெச்சுத்தான் தீர்ப்பு."

தொய்த்தா அண்டாவைப் பார்த்தாள். கஸாலாவைப் பார்த்தாள். செருப்பு வசனம் தொண்டைவரை வந்ததை நான் என் கண்ணால் கண்டேன்.

"ஊர்வாய்க்கு ஆயிரம் சொல்வேன் ரபி," என்றாள் மெல்ல. "ஓய்வுநாள் வர்ற நேரத்துல உங்க முன்னால பொய் வரலை. எங்க மச்சினி கல்யாணத்துல இவ செஞ்சதைக் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னேன். யாரும் பார்க்காதப்ப ஒண்ணைத் துணியில முடிஞ்சு வீட்டுக்கும் கொண்டுபோனேன். ராஜாவுக்கே வைக்கலாம்."

ரபி கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ ஒண்ணுமே ஆகாது," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

கஸாலா அழுதாள். எதற்கு அழுதாள் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கேட்டால் வெங்காயம் என்கிறாள்.

சூரியன் பேரீச்சை மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டினால் ஓய்வுநாள், அடுப்பு மூட்டக் கூடாது; புதிதாகச் சமைக்க நேரமில்லை. ஒஸ்பான்களை அரித்தெடுத்து, பக்கத்து வீட்டு முஸ்லிம் நண்பன் முபாரக்கிடம் மதிலுக்கு மேலே கொடுத்தோம். "எல்லாமா?" என்றான். "எல்லாம்," என்றேன்.

விளக்கேற்றி உட்கார்ந்தோம். கோதுமைக் குஸ்குஸ் மேல் வெறும் குழம்பு. ஆகுமென்று சொல்லப்பட்ட அந்தக் குழம்பில் இல்லாத ஒஸ்பான்களின் ருசி அத்தனையும் இருந்தது. அதுதான் கொடுமை. மதிலுக்கு அப்பால் முபாரக் வீட்டில் ஒரு பேச்சில்லை, விரல் சூப்பும் சத்தம் மட்டும் கேட்டது. நான் மிகைப்படுத்தவில்லை, தட்டு நக்கும் சத்தமும் கேட்டது.

கஸாலா அகப்பையுடன் தொய்த்தாவின் பக்கம் நின்றாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா சம்பந்தியம்மா? பயப்படாதீங்க. இதுல மதிப்பா ஒண்ணும் இல்ல."

"ஊத்து," என்றாள் தொய்த்தா. "அகப்பையை அடியில விட்டு ஊத்து."

ஜன்னலுக்கு வெளியே ஏதோ அசைந்தது. முபாரக் வீட்டிலிருந்து பூனை, யாரும் கூப்பிடாமல் தானாகவே, மதிலேறி வந்துகொண்டிருந்தது. வாயில் ஒரு ஒஸ்பான், நூல் தொங்கியது. ஜன்னலுக்கு நேரே நின்று எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது.

ரபியைக் கூப்பிடலாமா என்று மகன் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன்.