உருண்டையின் ஈரல்

அந்த வீட்டில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. உருண்டை. அண்ணன் வைத்த பெயர். அவன் வாயிலிருந்து அண்ணி வாய்க்குப் போய், அங்கிருந்து சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் பரவிவிட்டது. முகம் சுளித்தால் செல்லமாகத்தானே கூப்பிடுகிறோம் என்பார்கள். செல்லம் என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டால் போதும், எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். கேட்கிறவள்தான் சிரித்து வைக்க வேண்டும். நாற்பத்தொரு வயது வரைக்கும் உருண்டையும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பேக்கரியில் கேக்குக்குக் கிரீம் பூசிப் பூ வைப்பது அவள் வேலை. அடுப்பிலிருந்து வருகிற கேக் நடுவில் உப்பியிருக்கும். ஆறியதும் நீளக் கத்தியால் மேலே சீவிச் சமமாக்கினால்தான் கிரீம் நிற்கும். சீவின துண்டு விற்பனைக்கு ஆகாது. அதுதான் பத்தொன்பது வருடமாக உருண்டைக்குக் காலைச் சாப்பாடு, பதினோரு மணிப் பசிக்கு மருந்து, சாயங்கால டீக்குத் துணை. வீட்டுக்கு வந்தால் மற்றவர்கள் மிச்சம் வைத்ததையும், வீணாகப் போகிறதே என்று அவள்தான் முடிப்பாள். அவள் இருக்கும்போது நமக்குக் குப்பைத்தொட்டி எதற்கு என்று அண்ணி ஒரு தடவை விருந்தாளிகள் எதிரிலேயே சொன்னாள். அதுவும் செல்லம்தான்.

மாப்பிள்ளை தேடின காலமும் உண்டு. ஒரு இடம் கிட்டத்தட்டக் கூடி வந்தது. வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு அவள் உள்ளே திரும்புவதற்குள், அண்ணன் வேடிக்கை பண்ணுகிறேன் என்று, உங்கள் வீட்டு வாசலை மட்டும் கொஞ்சம் அகலப்படுத்திக்கொள்ளுங்கள் என்றான். அவர்கள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அண்ணன் கெட்டவன் இல்லை. அப்பா போன பிறகு படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போய், பன்னிரண்டு வயதுத் தங்கைக்குச் சோறு போட்டவன். நாக்குக்குத்தான் நரம்பில்லை.

அந்த அண்ணனுக்கு ஈரல் கெட்டுப்போனது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். மஞ்சள் காமாலை என்று படுத்தவன் தேறவே இல்லை. கண்ணும் நகமும் மஞ்சளாகி, கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் பானை மாதிரி முன்னே வந்துவிட்டது. உயிரோடு இருக்கிற ஒருவருடைய ஈரலில் பாதிக்கு மேல் எடுத்து வைத்தால் பிழைப்பான், இல்லாவிட்டால் இந்த வருடம் தாண்டாது என்று டாக்டர் சொன்னார். ரத்தம் ஒத்துப்போனது இரண்டே பேருக்கு, மனைவிக்கும் தங்கைக்கும். அண்ணன் மகளுக்குப் பதினைந்து வயதுதான். அவளைக் கேட்கவே கூடாது.

முதலில் அண்ணிதான் முன்வந்தாள். ஒல்லியான உடம்பு, ஒரு வியாதி கிடையாது. இப்படிச் சுத்தமான ஈரலைப் பார்த்து நாளாயிற்று என்று ஸ்கேன் எடுத்த பெண்ணே சொன்னாளாம். அண்ணி அன்றைக்கே போன் போட்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் ஓர் அறைக்குள் அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். கால் மணி நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பொருந்தவில்லையாம். ஏன் என்று சொல்லவில்லையாம். உருண்டை அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் இருக்கிறேன் அண்ணி, அழாதீர்கள் என்று தேற்றினாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அவள் ஈரலில் முப்பது சதவீதம் கொழுப்பு இருந்தது. இதை எடுத்து வைப்பது இரண்டு பேருக்குமே ஆபத்து, பத்துக்குக் கீழே வந்தால் பார்க்கலாம் என்றார் டாக்டர். அதற்கென்று மாத்திரை கிடையாது, சாப்பாடும் நடையும்தான் மருந்து. பத்து வாரம் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு வழி சொல்வதற்கென்றே ஒரு பெண் இருந்தாள். உருண்டையின் வயதில் பாதிதான் இருக்கும். பட்டினி மட்டும் கிடக்காதீர்கள் என்பதுதான் அவள் முதலில் சொன்னது. காகிதத்தில் ஒரு தட்டு வரைந்து நடுவில் கோடு கிழித்தாள். பாதித் தட்டுக்குக் காய். மீதியில் ஒரு பாதி பருப்பு, முட்டை, மீன் இப்படி ஏதாவது. கடைசிக் கால் பங்குதான் சோறோ ரொட்டியோ. சர்க்கரை போட்ட எதையும் குடிக்கக் கூடாது. மெதுவாக மென்று சாப்பிட வேண்டும். முதல் வாரம் இருபது நிமிடம் நடந்தால் போதும், வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்திருக்கிற பயிற்சி. எடை பார்ப்பது வாரத்துக்கு ஒரே தடவை. ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் ஒழுங்காகத் தொடர வேண்டும், தன்னைத் தண்டித்துக்கொள்ளக் கூடாது.

கடைசி வரியை உருண்டை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவள் உடம்பைப் பற்றி யாராவது சிரிக்காமல் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தக் காகிதத்தை அண்ணி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஒட்டியதோடு நிற்கவில்லை. அடியில் சிவப்புப் பேனாவால், 'அவர் உயிர் உன் வாயில் இருக்கிறது' என்று தன் பங்குக்கு ஒரு வரி எழுதிச் சேர்த்தாள். வாரத்துக்கு ஒரு தடவை என்று போட்டிருந்த எடையை, தினமும் காலையில் பல் தேய்த்ததும் பக்கத்தில் நின்று பார்த்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தட்டைக் கவனித்தாள். பிஸ்கட் டப்பா அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. உருண்டையின் அறையில் இருக்கிற குப்பைக் கூடையைக் கிளறி, மிட்டாய்க் காகிதம் இருக்கிறதா என்று பார்த்தாள். பேக்கரி முதலாளிக்குப் போன் போட்டு, கேக்கில் கை வைக்கிறாளா என்று விசாரித்தாள். சொந்தக்காரர்கள் தினம் ஒருவராகக் கூப்பிட்டு, ஈரல் எப்படி வந்துகொண்டிருக்கிறது என்று கேட்டார்கள். அடுப்பில் வைத்த கேக்கைக் கேட்பது போலத்தான் இருந்தது அவளுக்கு.

உருண்டை வாயைக் கட்டினாள். சீவின துண்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு, கேக் வேக வைக்கிற அடுப்புக்காரரிடம் கொடுத்துவிடுவாள். கிரீமில் இனிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குக்கூட அவர் நாக்கைத்தான் கடன் வாங்கினாள். முதல் பத்து நாள் கை நடுங்கியது, ரோஜாப்பூ வைக்கப் போனால் முட்டைக்கோஸ் விழுந்தது. அடுப்புக்காரர் சிரிக்கவில்லை, இது தானாகச் சரியாகிவிடும் தாயி என்று மட்டும் சொன்னார். வேலை முடிந்ததும் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தாள். முதலில் இரண்டு தெருவுக்கு ஒரு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. நான்காவது வாரம் நிற்காமல் வந்தாள். முழங்கால் வலி எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு நாள் மூன்று மாடி ஏறி ஆர்டர் கேக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிய பிறகுதான், மூச்சு வாங்கவே இல்லை என்பது உறைத்தது. தெருவில் நின்று தனியாகச் சிரித்தாள். இந்தச் சுகம் இத்தனை வருடமாக இங்கேயேதான் இருந்திருக்கிறது. வா, ஒரு நடை போய்விட்டு வரலாம் என்று ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. அவர்களுக்கு ஈரல் வேண்டியிருந்தபோதுதான் அவள் உடம்பின் மேல் எல்லோருக்கும் அக்கறை வந்தது.

ஆறாவது வாரம் எடை அப்படியே நின்றுவிட்டது. ஏழு நாள் ஒரு கிராம் இறங்கவில்லை. எட்டாம் நாள் காலையில் அண்ணி எடைக்கருவியைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள்.

"எங்கடி ஒளிச்சு வச்சுத் தின்னே? உண்மையச் சொல்லு."

மகள் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். அத்தை முகத்தைப் பார்க்காமல் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தாள். எதுவும் தின்னவில்லை என்று உருண்டை சொன்னாள். காற்றைக் குடித்தா இப்படி நிற்கிறது என்று அண்ணி கேட்டாள். சோபாவில் படுத்திருந்த அண்ணன் மஞ்சள் கண்ணைத் திறந்தான். ஏதாவது ஆதரவாகச் சொல்லுவான் என்று நினைத்தாள்.

"உருண்ட, ஒரு துண்டு கேக்குக்காக என்னைக் கொன்னுடாதே" என்றான்.

அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெண்ணிடம் கேட்டாள். எல்லோருக்கும் இப்படி ஒரு இடத்தில் நிற்கும், உடம்பு புதுக் கணக்குக்குப் பழகிக்கொள்கிறது, பயப்பட வேண்டாம் என்று அவள் சொன்னாள். சாப்பாட்டைக் குறைக்காதீர்கள், மேட்டுத் தெருவாகப் பார்த்து நடங்கள் என்றாள். உருண்டை மேட்டுத் தெருவில் நடந்தாள். எடை மறுபடி இறங்க ஆரம்பித்தது. அண்ணிக்குச் சந்தேகம் இறங்கவில்லை. எடை குறைந்தால் ஆயிற்றா, உள்ளே கொழுப்பு கரைந்ததா என்று யார் கண்டது, பேக்கரியில் என்ன நடக்கிறதோ என்று போனில் யாரிடமாவது சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

பத்தாவது வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். முடிவை வெளியே சொல்லவில்லை. மறுநாள் அவளை மட்டும் அந்த அறைக்குள் கூப்பிட்டார்கள். உறுப்பு கொடுக்கிறவர்களோடு பேசுவதற்கென்று இருக்கிற அம்மா கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார். கண்ணாடி போட்ட, அவசரமில்லாத முகம்.

"ஏழு சதவீதம்" என்றார். "பத்து வாரத்துல இப்படிக் கொண்டுவந்தவங்கள நான் அதிகம் பாத்ததில்ல."

உருண்டைக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட அவள் எதிலும் தேறியதில்லை. வெளியே ஓடிப்போய் எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போல இருந்தது. அந்த அம்மா கையைக் காட்டி உட்காரச் சொன்னார். எவ்வளவு வெட்டுவார்கள், எங்கே தழும்பு வரும், எத்தனை மாதத்தில் வளரும், செத்துப்போக எவ்வளவு வாய்ப்பு என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கு இதுல முழு இஷ்டமா? பயமா இருந்தாலோ, யாராவது கட்டாயப்படுத்தினாலோ இப்பச் சொல்லிடலாம். வெளியில நாங்க 'பொருந்தல'ன்னு ஒரே வார்த்தைதான் சொல்லுவோம். ஏன்னு சொல்ல மாட்டோம். உங்க வீட்டுல யாருக்கும் கடைசி வரைக்கும் தெரியாது."

உருண்டை கதவைத் திரும்பிப் பார்த்தாள். இதே கதவு. இதே நாற்காலியாகக்கூட இருக்கலாம். சுத்தமான ஈரல் என்று ஊரெல்லாம் சொன்னவள் உள்ளே வந்து, கால் மணி நேரத்தில் அந்த ஒரே வார்த்தையோடு வெளியே போயிருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டுதான் இவள் அழுதாள்.

அண்ணி பயந்ததை அவளால் குற்றம் சொல்ல முடியவில்லை. கத்தி என்றால் யாருக்குத்தான் பயம் இல்லை, பதினைந்து வயதில் பெண் வேறு இருக்கிறாள். பயந்திருக்கட்டும். பயந்துபோய்த் தப்பித்துக்கொண்டவள், அடுத்தவள் குப்பைக் கூடையைக் கிளறலாமா? அவர் உயிர் உன் வாயில் இருக்கிறது என்று எந்தக் கையால் எழுதினாள்?

"நான் வேண்டாம்னு சொன்னா, கொழுப்பு ஏழுக்கு வந்தத அவங்ககிட்டச் சொல்வீங்களா?" என்று கேட்டாள்.

"எதையும் சொல்ல மாட்டோம். உங்க நல்லதுக்குத்தான்."

அப்படியானால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பேக்கரியில் ஒளித்து வைத்துத் தின்றிருக்கிறாள், அதனால்தான் கரையவில்லை, ஒரு துண்டு கேக்குக்காகக் கூடப்பிறந்தவனைக் கொன்றுவிட்டாள் என்பார்கள். அவன் சாகிற வரைக்கும் சொல்வார்கள், செத்த பிறகும் சொல்வார்கள். அந்தச் சின்னப் பெண்ணும் அதை நம்பி வளருவாள்.

"நான் தர்றேன்" என்றாள்.

அந்த அம்மா படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டார். என்ன காரணத்துக்காகக் கொடுக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது, உங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்றார்.

"நான் ஒரு துண்டுகூடத் தின்னல. எழுபது நாள். அது அவங்களுக்குத் தெரியணும்."

பேனா நின்றுவிட்டது. அந்த அம்மா அதை மேஜையில் வைத்தார். இதை எழுத முடியாது, இதற்காக ஒருத்தர் வயிற்றைக் கிழிக்க நாங்கள் சம்மதிக்கவும் முடியாது, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். உருண்டை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யோசித்தாகிவிட்டது என்றாள்.

"பாசம்னு எழுதிக்குங்க. அதுவும் பொய்யில்ல. அவன்தான் எனக்குச் சோறு போட்டான்."

மறுபடியும் இரண்டு தடவை கேட்டுவிட்டு, வேறொரு நாள் மனம் மாறினாலும் வரலாம் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மா எழுதினார். உருண்டை கையெழுத்துப் போட்டாள். அந்தப் படிவத்தில் அவளுடைய முழுப் பெயர் இருந்தது.

வெளியே அண்ணன் சக்கர நாற்காலியில் இருந்தான். அண்ணி எழுந்து வந்தாள்.

"இவ்வளவு நேரம் என்னடி கேட்டாங்க? கொழுப்பு எறங்குச்சா இல்லையா?"

"ஏழு சதவீதம்" என்றாள் அவள். "உங்கள உள்ள கூப்பிட்டு வச்சுக் கேட்டாங்களே அண்ணி, அதையேதான் என்கிட்டயும் கேட்டாங்க. நான் தர்றேன்னு சொல்லிட்டேன்."

அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். அவன் காதில் ஏழு சதவீதமும் தர்றேன் என்பதும்தான் விழுந்தன. நடுவில் சொன்னது அண்ணிக்கு மட்டும் கேட்டது. அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.