டேப் ஒட்டிய சுவிட்ச்

பார்சல் கிடங்கில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. டேப்காரர் என்றால்தான் தெரியும். அவர் ஒட்டிய பெட்டி லாரியிலிருந்து விழுந்தாலும் வாய் பிளக்காது. ஓரத்தை மடித்து, நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று, அதன்மேல் இன்னொன்று. வாங்கியவர்கள் பிரிப்பதற்குள் அவரைத் திட்டித் தீர்ப்பார்கள். அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு.

வீட்டில் அந்தப் பெருமை செல்லுபடியாகவில்லை. மனைவிக்கு ஒற்றைத் தலைவலி. வந்துவிட்டால் வெளிச்சம் ஊசியாகக் குத்தும். டாக்டர் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் கையை விரித்துவிட்டார். விளக்கை அணைத்துவிட்டுக் கும்மிருட்டில் கிடக்கவும் அவளால் முடியவில்லை. வாந்தி முட்டிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடியவள் ஒருமுறை கதவில் மோதி நெற்றியைப் புடைக்க வைத்துக்கொண்டாள். கட்டிய மனைவி துடிக்கும்போது பக்கத்தில் மரம் மாதிரி உட்கார்ந்திருப்பதைப் போன்ற கொடுமை வேறு கிடையாது. அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

அதனால்தான் ஸ்மார்ட் பல்பு என்று ஒன்று இருப்பது தெரிந்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். போனிலேயே வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்டூலில் ஏறி இறங்கி, வைஃபை பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாக அடித்து, பல்பையும் தன்னையும் சபித்து, ஒருவழியாகப் படுக்கையறை விளக்கைப் பத்து சதவீதத்துக்கு இறக்கினார். கதவு தெரிந்தது, கண் கூசவில்லை.

"இது போதுங்க," என்றாள் அவள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே தொல்லை, சுவரில் இருந்த சுவிட்ச். அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் அவள் கை தானாக அதை அணைத்துவிடும். அணைத்தால் பல்பு போனின் பேச்சைக் கேட்காது.

"பழக்க தோஷங்க. கை கேக்க மாட்டேங்குது."

"விடு, நான் பாத்துக்கறேன்."

மறுநாள் கிடங்கிலிருந்து ஒரு டேப் சுருளைக் கொண்டுவந்தார். சுவிட்சை ஆன் செய்து, ஓரத்தை மடித்து, நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று, அதன்மேல் இன்னொன்று.

"இத அப்புறம் யாரு பிரிக்கறது?"

"யாரும் பிரிக்கக் கூடாதுன்னுதானே ஒட்டறேன்!"

இருவரும் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் ஒருநாள் காலையிலேயே அவளுக்கு வலி ஆரம்பித்துவிட்டது. விளக்கைப் பத்தில் வைத்துவிட்டு, மனசே இல்லாமல் வேலைக்குப் போனார். மதியம் பல்பின் ஆப்பிலிருந்து அறிவிப்பு வந்து போன் அதிர்ந்தது. வீட்டில் மின்சாரம் போய் வந்திருக்கிறது. அப்படிப் போய் வந்தால் அந்தப் பல்பு எல்லாவற்றையும் மறந்துவிட்டு முழு வெளிச்சத்தில் எரியும். அதை மாற்ற ஒரு செட்டிங் உண்டு. மனுஷர் அந்தப் பக்கமே போயிருக்கவில்லை.

'படுக்கையறை: நூறு சதவீதம்' என்றது திரை. பத்தைத் தொட்டார். மறுபடி தொட்டார். அதற்குள் வைஃபை அறுந்துபோய், 'இணைப்பு இல்லை' என்று வந்தது.

மனைவிக்கு போன் அடித்தார். அந்தச் சத்தமே அவள் மண்டையைப் பிளக்கும் என்று உறைத்ததும் பதறி நிறுத்தினார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு போன் போட்டு, போய்ப் பார்க்கச் சொன்னார்.

"கதவு பூட்டியிருக்கு தம்பி. காலிங் பெல்ல விடாம அடிச்சுக்கிட்டுதான் இருக்கேன், தெறக்க மாட்டேங்குது."

"ஐயோ, அடிக்காதீங்கக்கா! அடிக்காதீங்க!"

நல்லது செய்யப் போய், எல்லாம் அவள் தலையில்தான் விடிந்தது.

சூப்பர்வைசரிடம் ஏதோ உளறிவிட்டு பஸ் ஏறினார். பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போனது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் உங்கள் வீடு உங்கள் கையில் என்று பல்பு வந்த அட்டையில் போட்டிருந்தது. கையிலிருந்த போனைத் தூக்கி வெளியே எறியலாமா என்றிருந்தது அவருக்கு.

சாவி போட்டுத் திறந்தார். ஹாலில் மதிய வெயில். படுக்கையறை அதைவிடப் பளீரென்று எரிந்தது. கட்டில் காலி. சுவிட்ச் மேலிருந்த டேப் கிழியவில்லை. அதன் ஓரமெல்லாம் பிறாண்டிய கோடுகள், ஒரு கோட்டில் கொஞ்சம் ரத்தம்.

பாத்ரூம் இருட்டில், ஈரத் தரையில், கண்ணைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"நகத்தால பிச்சுப் பாத்தேங்க," என்றாள் மெதுவாக. "நல்லா ஒட்டியிருக்கீங்க."

குத்திக்காட்டும் குரல் இல்லை. குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

கத்தியால் டேப்பை அறுத்து சுவிட்சை அணைத்தார். அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து படுக்கவைத்து, கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கனத்த திரைச்சீலை போட்ட அறையில் எதுவும் தெரியவில்லை. தடவித் தடவி அவள் கையைத் தேடி, இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்ஸ்... அந்த விரல் இல்லீங்க," என்று அவள் கையை இழுத்துக்கொண்டாள்.