ஸ்கேனரோட நாத்தனார்

கறுப்பு வண்டியை எனக்குப் பிடிக்காது. வெள்ளை வண்டி நம் தப்பை மூடி மறைக்கும், கறுப்பு வண்டி ஊருக்கே தண்டோரா போடும். ஆனால் அந்தச் சனிக்கிழமை எனக்கு ஒரு கறுப்பு வண்டி தேவைப்பட்டது.

மூன்று கார் ஷோரூம்களுக்கு வண்டி கழுவித் தரும் ஷெட் எங்களுடையது. எங்களுடையது என்றால் முதலாளியுடையது. சோப்புத் தண்ணியில் கை புண்ணாவது மட்டும் எங்களுடையது. ஒரு நாளைக்கு அறுபது வண்டி. ஆண்கள் தண்ணீர் பீய்ச்சி, நுரை போட்டுக் கழுவுவார்கள். கடைசி மேடையில் நானும் அண்ணியும். அண்ணி மெழுகு பூசுவாள், அது காய்ந்து வெள்ளையாகப் படிந்ததும் நான் துடைத்தெடுப்பேன், பிறகு அவள் சரிபார்த்து, உள்ளே தொங்கும் கார்டில் கையெழுத்துப் போடுவாள். கார்டில் யார் கையெழுத்தோ, உருளுவது அவர் தலை.

அண்ணி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே மேடை. அவள் சரிபார்ப்பது கையால்தான். மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பானட்டின் மேல் மெதுவாக ஓட்டுவாள். வெறுங்கைக்குத் தெரியாத பொடி மண்கூட பைக்குள் இருக்கும் கைக்கு நெருடும். எல்லோரும் செய்வதுதான். ஆனால் அண்ணி ஒரு தரம் ஓட்டிவிட்டு மூன்று புள்ளி என்றால் மூன்றுதான் இருக்கும். அதனால் ஷெட்டில் அவளுக்கு ஸ்கேனர் என்று பேர். எனக்கு? ஸ்கேனரோட நாத்தனார். ஏழு வருஷத்தில் எனக்கென்று ஒரு பட்டப்பேர்கூட வைக்கவில்லை பாவிகள். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அதைச் சொல்லிக் காட்டியிருந்தாலாவது நாலு வார்த்தை சண்டை போட்டிருப்பேன். ஒரு நாளும் சொன்னதில்லை. அதுவே எனக்கு எரிச்சல்.

வியாழக்கிழமை முதலாளி வந்து, அடுத்த மாதத்திலிருந்து கடைசி மேடைக்கு ஒரு ஆள் போதும் என்றார். யார் என்று சனிக்கிழமை சொல்வாராம். அவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? போகப்போவது நான் என்று ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. அண்ணிக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒரு வருஷமாக எல்லா வண்டியும் அவளுக்கு மூட்டமாகத்தான் தெரிந்தது. பஸ் நம்பரை நான்தான் படித்துச் சொல்வேன். ஆபரேஷனுக்கு லீவு கேட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று பயந்து, அண்ணனிடம்கூடச் சொல்லாமல் கையை நம்பியே ஓட்டிக்கொண்டிருந்தாள். முதலாளி காதில் ஒரு வார்த்தை போட்டால் முடிந்தது கதை. ஆனால் போட்டது நான் என்று தெரிந்தால் அண்ணன் என் தோலை உரித்துவிடுவான். அதனால் அவள் கையெழுத்தே அவளைக் காட்டிக்கொடுக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை கறுப்பு வண்டி வந்தது. வாங்கியவர் குடும்பத்தோடு வந்து காத்திருக்கிறார், சீக்கிரம் அனுப்புங்கள் என்று ஷோரூமிலிருந்து இரண்டு முறை போன். அண்ணி மெழுகு பூசினாள். நான் பக்கவாட்டையெல்லாம் பளபளவென்று துடைத்தேன். பானட்டின் நடுவில் மட்டும் துணியைக் காற்றில் ஆட்டினேன். ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளைப் படலம் அப்படியே இருந்தது.

அண்ணி பையை மாட்டிக்கொண்டு கையை ஓட்டினாள். நடுவில் வந்ததும் கை நின்றது.

"இங்க துடைச்சியா?"

"துடைச்சாச்சு அண்ணி. பளிச்சுனு இருக்கு. போன் மேல போன் வருது."

இன்னொரு தரம் ஓட்டினாள். பையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதில் என்ன தெரிந்ததோ. பிறகு கையெழுத்துப் போட்டாள். வண்டியை எடுக்க வந்த டிரைவர் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற ஆள். எடுத்துக்கொண்டு போனான்.

முக்கால் மணி நேரத்தில் ஷோரூம் மேனேஜர் வந்து குதித்தார். வாங்கியவரின் மாமியார், அலமாரியில் தூசி பார்ப்பதுபோல் பானட்டில் விரலை ஓட்டி, வெள்ளை ஒட்டிய விரலை மருமகனிடம் நீட்டினாளாம். மருமகன் அதைப் போட்டோ எடுத்து மேனேஜரிடம் நீட்டினார். மேனேஜர் எங்கள் முதலாளியிடம் நீட்டினார். முதலாளி அண்ணியைக் கூப்பிட்டுப் போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். இது என்ன என்று கேட்டார்.

ஹோஸையெல்லாம் நிறுத்திவிட்டு எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். அண்ணி போனை வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"பளிச்சுனுதானே சார் இருக்கு."

ஷெட்டே சிரித்தது. ஸ்கேனர் ரிப்பேர் என்று யாரோ சொன்னார்கள். முதலாளி இரண்டு விரலை நீட்டி எத்தனை என்று கேட்டார். அண்ணி கண்ணை இடுக்கிக்கொண்டு முன்னால் குனிந்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் சந்தேகம் வரும் என்பதற்காக அல்ல. சிரிப்பு வந்தது.

துடைத்தது யார் என்று மேனேஜர் கேட்டார். அண்ணி முந்திக்கொண்டாள்.

"அவமேல தப்பு இல்ல சார். பாத்து கையெழுத்துப் போட்டது நான்தான்."

அப்போதே அவளை அனுப்பிவிட்டார்கள். பிளாஸ்டிக் பைக் கட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பஸ் நம்பரை யார் படித்துச் சொன்னார்களோ, நான் கேட்கவில்லை.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது, கண் போனதை ஏன் மறைத்தாய் என்று அண்ணன் கத்தி ஓய்ந்திருந்தான். அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குண்டானை என்னிடம் நீட்டி, பிசுக்கு போயிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

"அந்த வெள்ளை எங்க இருந்துச்சு? எனக்கு நடுவுல நெருடுச்சு. நீ துடைச்சாச்சுன்னு சொன்னதால விட்டுட்டேன். நடுவுலதான் இருந்துச்சா?"

நடுவில் என்றால் அவள் கை பொய் சொல்லவில்லை, சொன்னது நான். வேறு இடம் என்றால் கண் போன வழியே கையும் போய்விட்டது. அவள் என்னைப் பார்த்துக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, எனக்குக் கொஞ்சம் தள்ளிச் சுவரைப் பார்த்துக் கேட்டாள். எனக்குப் பாவமாக இருந்தது. நிஜமாகவே பாவமாக இருந்தது.

"ஓரத்துல அண்ணி, வைப்பர் பக்கம். நடுவுல ஒண்ணுமே இல்ல."

அண்ணி தலையை ஆட்டினாள். குண்டானை என் கையிலிருந்து வாங்கி மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.